பெருங்காயம்

புளித்தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்துவிட்டது, அந்தச் சொல் மட்டும் வருவேனா என்கிறது. பொருள் இருக்கிறது. அதோ மேல்தட்டில், காப்பிப்பொடி டின்னுக்கும் அப்பளக் கட்டுக்கும் நடுவில், மஞ்சள் டப்பாவுக்குள் கல் மாதிரி கட்டியாக உட்கார்ந்திருக்கிறது. மணம் இருக்கிறது, மூடியைத் திறக்காமலே மூக்கின் உச்சிக்கு ஏறி நிற்கிறது. சுத்தியலால் தட்டி உடைத்ததும், நெற்றியில் சில் தெறித்து "ஐயோ கண்ணு" என்று அலறியதும்கூட நினைவிருக்கிறது. பேர் மட்டும் இல்லை. பெரிய... பெரியநாயகி. சீ, பெரியநாயகி நாலாம் வகுப்பில் பக்கத்து பெஞ்சு, எந்நேரமும் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். கற்பூரமா? அதுவுமில்லை. சாம்பாரில் கற்பூரத்தைப் போட்டால் ஆவுடை மதினி இந்த ஜென்மத்தில் ஊருக்குப் போகமாட்டாள். அதுதானே விஷயம். வனஜா கரண்டியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு மேல்தட்டை முறைத்தாள். நேற்று சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்தபடி மதினி தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. "நாளைக்கு ஒரு வேளை அவ தனியா சமைக்கட்டும்ல, லிங்கம். எது வேணுமோ அதை வாயைத் திறந்து பேர் சொல்லிக் கேக்கட்டும். கையைக் காட்டப்படாது. கேட்டுட்டான்னா மத்தியானமே நான் கோயில்பட்டி பஸ் ஏறிருதேன். இல்லைன்னா தை வரைக்கும் இருந்துட்டுப் போறேன், எனக்கு அங்க என்ன வெட்டி முறிக்கிற வேலை?" வனஜாவின் வீட்டுக்காரர், மதினிக்குத் தம்பிக்காரர், வழக்கம்போல "சரிக்கா" என்றார். அவர் அகராதியில் அக்காவுக்கென்று இருக்கிற ஒரே சொல் அதுதான். வனஜாவும் தலையாட்டினாள், தலையாட்டத்தான் ஒரு வருஷமாக நன்றாகப் பழகியிருக்கிறதே. மதினியின் தை வரைக்கும் அவளுக்குத் தெரியும். போன ஐப்பசியில் வந்தபோது பொங்கல் வரைக்கும் என்றாள், பொங்கல் அன்று சித்திரை வரைக்கும் என்றாள், இப்போது புரட்டாசியில் நின்றுகொண்டு மறுபடியும் தை என்கிறாள். இந்தத் தை வந்தால் இந்த அடுப்பு மதினியின் அடுப்பு, இந்த மேல்தட்டு மதினியின் உயரத்துக்கு அமைந்த மேல்தட்டு, வனஜா சோபாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிற நல்ல பெண்.

குக்கர் உஸ்ஸென்று ஒரு முறை சீறிவிட்டு அடங்கியது. "மதர் கூப்பிடுறாங்களே, வனஜா" என்று கூடத்திலிருந்து பேப்பருக்குப் பின்னால் குரல் வந்தது. சங்கரலிங்கத்துக்கு இதில் கேலி கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவள் முழுசாகச் சொன்ன முதல் வாக்கியமே அதுதான். பருப்பு தீய்கிறது, அடுப்பை அணைக்கச் சொல்ல வேண்டும், அந்தப் பாத்திரத்தின் பேரைத் துழாவுகிறாள், மூளைக்குள் யாரோ எல்லா டப்பாவின் மேலும் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்து மாற்றி ஒட்டிவிட்ட மாதிரி, கையில் அகப்பட்டது இதுதான்: "மதர் கத்துறாங்க, அணைங்க." மதினி ஓடிப்போய் வாசலில் பார்த்தாள், எந்தக் கன்னியாஸ்திரி நன்கொடைக்கு வந்திருக்கிறார் என்று. அவரோ பேசாமல் எழுந்து வந்து அடுப்பை அணைத்தார். எப்படிப் புரிந்தது என்று இன்றுவரை அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் அது மதர்தான். ஃபிரிட்ஜ் மாமனார். அதற்கும் காரணம் உண்டு, மூலையில் நின்று முனகிக்கொண்டே இருப்பவர், திறந்தால் முகத்தில் ஜில்லென்று ஒரு அடி. "மாமனார்கிட்ட மோர் இருக்கா?" என்று அவர் சர்வசாதாரணமாகக் கேட்கிறார், கேட்ட பால்காரி வாயைப் பொத்திக்கொண்டு போகிறாள். அவள் படித்த கான்வென்ட்டின் மதர் பெர்னதெத் நிஜத்திலும் இப்படித்தான் இருப்பார், குண்டாக, பளபளவென்று, மேலே ஒரு வெள்ளைத் தொப்பியோடு. நீள வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து ஒரு உஸ்ஸ் விடுவார், இந்தக் கோடியில் நாற்பது வாய் மூடும். வனஜாவின் வாய் மட்டும் கடைசியாக மூடும். வராந்தாவில் தமிழ் பேசினால் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள், அது பெரும்பாலும் அவள் கழுத்தில்தான் கிடந்தது. கழுத்தில் அதைப் போட்டுக்கொண்டே அடுத்தவள் மூக்கை நக்கல் பண்ணுவாள். "வனஜா, உன் நாக்கு உனக்கு முன்னால் ஓடுகிறது, ஒரு நாள் அது உன்னை விட்டுவிட்டே போய்விடும் பார்" என்றார் மதர். என்ன வாக்கோ. முப்பத்தைந்து வருஷம் கழித்துப் போயே போய்விட்டது.

போனது எப்படி? இந்தப் புளித்தண்ணீர் மாதிரி கொதித்துக்கொண்டிருக்கும்போதுதான். இப்படி ஒரு காலை வேளை, இதே அடுப்பு, இதே சிங்க், அவர் குளித்துவிட்டு வந்து கட்டில்மேல் ஈரத் துண்டைப் போட்டுவிட்டுச் சட்டைக்குப் பொத்தான் மாட்டுகிறார். கல்யாணமான மறுநாளிலிருந்து போடுகிறார். அவளும் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். மெத்தை ஊறிப்போய், ஒரு வீச்சம் வந்து, போர்வையில் கரும்புள்ளி விழுந்து, சாருமதி வயிற்றில் இருக்கும்போது அந்த வாடையில்தான் முதல் வாந்தி எடுத்தாள். அன்றைக்கும் படுக்கையறை வாசலில் நின்று ஆரம்பித்தாள். "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை..." அவ்வளவுதான். அடுத்த சொல்லுக்குக் கையை நீட்டினால் அங்கே ஒன்றுமில்லை. இருட்டில் படி இருக்கிறதென்று காலை வைத்தால் தரையாக இருக்குமே, அந்த மாதிரி. அவர் பொத்தானைப் போட்டபடியே காத்திருந்தார். அவள் மூச்சு வாங்குகிறாள், மீதி வரும் என்று நினைத்திருக்கிறார் பாவம். "அப்புறம்?" என்றார். அப்புறம் இல்லை. வாயின் ஒரு ஓரம் தோசைக்கல்லில் விட்ட மாவு மாதிரி வழிந்து இறங்கியது, கையிலிருந்த டம்ளர் நழுவியது, காலுக்கடியில் காப்பியின் வெதுவெதுப்பு, கூரையில் மின்விசிறி, அவர் முகம், அந்த முகத்தில் அவள் அதுவரை பார்க்காத ஒரு சின்னப் பையன். "வனஜா, நான் துண்டை எடுத்துட்டேன், பாரு, எடுத்துட்டேன்" என்று அந்த மனுஷன் ஈரத் துண்டைக் கையில் தூக்கிக் காட்டிக்கொண்டே அழுதது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு நாள்கூட அந்தத் துண்டு கட்டிலுக்கு வந்ததில்லை. கொடியில் நாலு மூலையும் இழுத்துவிட்டு, கிளிப் போட்டு, பள்ளிக்கூடக் கொடி மாதிரி தொங்குகிறது. ஜெயித்தாகிவிட்டது. இப்படியா ஜெயிப்பார்கள்? கொடியில் அந்தத் துண்டைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ செத்த வீட்டில் நிற்கிற மாதிரி ஒரு அமைதி வருகிறது, அந்த அமைதியைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை.

அமைதி எல்லோருக்கும் பிடித்துவிட்டதுதான் இன்னும் கொடுமை. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது, வாஸ்தவம். முதலில் வந்தவை ஜெபங்கள், எந்தச் சாமி என்று பார்க்காமல் கான்வென்ட்டில் மனப்பாடம் பண்ணிய அத்தனையும். ஒரு சைவக் குடும்பத்து மருமகள் கண்ணை மூடிக்கொண்டு பரலோகத்தில் இருக்கிறவரைக் கூப்பிட, மதினி நெற்றியில் திருநீற்றை அப்பிவிட்டாள். அப்புறம் கிழமைகள், வாய்ப்பாடு, அப்புறம் தண்ணி, காப்பி, வலி. வாங்க, உட்காருங்க, நல்லாயிருக்கீங்களா. வரிசையில் வந்ததெல்லாம் விருந்தாளிக்கு வைக்கிற பேச்சு. வீட்டுக்காரியின் பேச்சு வரவே இல்லை. ஒரு பதிலடி கொடுக்க வேண்டுமென்றால் சொல் ஒவ்வொன்றையும் கிணற்றிலிருந்து இறைக்க வேண்டும், வாளி மேலே வருவதற்குள் எதிராளி அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். அதனால் சிரித்துவைத்தாள். வாய் கோணாமல் சிரிக்கவே, ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சுப் பயிற்சிக்கு வருகிற ரோஸ்லின் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. எதிர்வீட்டு டீச்சரிடம் மதினி சொன்னது சன்னல் வழியாகக் காதில் விழுந்தது: "முன்னே மாதிரியா? தங்கமான பிள்ளையா மாறிட்டா. ஒரு சொல்லு எதுத்துப் பேசுறதில்ல. ஆண்டவன் ஒண்ணை எடுத்தா ஒண்ணைக் குடுக்கான்." அந்தத் தங்கத்தை உருக்கி அவள் காதில் ஊற்ற வேண்டும் போல இருந்தது. அதைவிட எரிச்சல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அவளைப் பற்றிப் பேசுவது. "அவளுக்குச் சட்னி வேண்டாம்." "அவளுக்கு வெயில் ஒத்துக்காது." ஏன், அவள் என்ன தொட்டிச் செடியா? எல்லாவற்றுக்கும் மேலே வெல்லம். மதினி கல்யாணமாகி இருபது வருஷம் மைசூரில் இருந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்தபின் கோயில்பட்டிக்கு வீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அந்த ஊர்ப் பட்டுப்புடவை நாலும், சாம்பாரில் வெல்லம் போடுகிற வழக்கமும் கூடவே வந்தன. ஒரு வருஷமாக இந்த வீட்டில் புளிக்குழம்பில் வெல்லம், ரசத்தில் வெல்லம், அவியலில்கூடக் கொஞ்சம் கிள்ளிப் போட்டதாகச் சந்தேகம். ஒவ்வொரு நாளும் முதல் வாய் உள்ளே போனதும் நாக்கின் நுனி வரை ஒரு வாக்கியம் ஓடி வரும், வந்து பல்லில் முட்டிக்கொண்டு நிற்கும். பக்கவாதம் வந்த நாக்கும் ருசியை மட்டும் மறக்கவில்லையே, அதையும் மறந்திருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும்.

முருங்கைக்காய் வெந்துவிட்டதா என்று ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். வெந்துவிட்டது. நேரம் போகிறது. சாருமதி புனேயிலிருந்து புத்தகம் புத்தகமாக அனுப்புகிறாள், படித்தால் தெம்பு வருமாம். எல்லாம் நோயில் விழுந்து எழுந்தவர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதினவை. எல்லா அட்டையிலும் ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு, சூரியனைப் பார்த்து நிற்கிறாள். கடைசியாக வந்ததில் ஒருத்தி நோயிலிருந்து தேறி, தன்னந்தனியாக மலை மலையாக நடந்து, கடைசி மலையின் உச்சியில் தன்னைக் கண்டுபிடிக்கிறாள். சரிம்மா, அத்தனை நாளும் உன் வீட்டில் சோறு வடித்தது யார்? அந்த ஆளைப் பற்றி ஒரு வரி உண்டா? கண்டுபிடித்தேன், கண்டுபிடித்தேன் என்கிறார்களே, இவர்களெல்லாம் தங்களை எங்கே வைத்துத் தொலைத்தார்களாம், பஸ்ஸிலா? இப்போது ரோஸ்லினும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் தேறியவர்களுக்கென்று ஒரு விழாவாம், அடுத்த மாதம். "ஆன்ட்டி, நீங்க உங்க ஸ்டோரியைச் சொல்லணும். அஞ்சே நிமிஷம். என்ன கஷ்டப்பட்டீங்க, எப்படி மீண்டு வந்தீங்க, உங்களுக்குள்ள என்ன புதுசா கண்டுபிடிச்சீங்க." நல்ல பெண்தான், வாரம் தவறாமல் வந்து அட்டையில் படம் காட்டிப் பேர் கேட்பாள். சாவி, சீப்பு, ஒட்டகம். ஒட்டகத்தை இந்தப் பாளையங்கோட்டையில் அவள் யாரிடம் கேட்டு வாங்கப் போகிறாள் என்று மட்டும் ரோஸ்லின் சொன்னதில்லை. அடுக்களைச் சாமான் படம் ஒன்றுகூட அந்த அட்டைக் கட்டுக்குள் கிடையாது. இருந்திருந்தால் இன்றைக்கு இந்த அவதி உண்டா? சரி, கதை. என்ன சொல்வது? விழுந்தேன், எழுந்தேன், எழுந்தது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை, எழுந்தவள் ரொம்ப நல்லவளாக இருக்கிறாள், எனக்கு அவளைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கைதட்டுவார்களா?

கரண்டியை மறுபடி வலது கைக்கு மாற்றினாள். விரல் நுனியில் சுறுசுறுவென்று ஒரு எறும்பு ஊர்ந்தது. அப்படியே நின்றாள். இது அதுவா? அன்றைக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததா? ஆரம்பமென்று எதுவும் நினைவில் இல்லையே, அதுதானே பயம். கதவைத் தட்டிவிட்டு வந்தால் பரவாயில்லை, அது வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்து எழுந்து வரும் ஜாதி. சிங்க் ஓரத்தில் அந்தத் தரை ஓடு, கீறல் விழுந்த ஓடு, அதன் மேல் காலை வைக்காமல் சுற்றிப் போவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது, டம்ளர் விழுந்த இடம் அதுகூட இல்லை, இருந்தாலும். விரலை மடக்கினாள், நீட்டினாள். திங்கள், செவ்வாய், புதன். வந்தது. வியாழன். வந்தது. சாருமதி, சங்கரலிங்கம், ஆவுடையம்மாள். எல்லாரும் இருக்கிறார்கள். சிரித்துப் பார்த்தாள், எவர்சில்வர் தூக்கின் மேல் ஒரு அகல முகம் இரண்டு பக்கமும் சமமாக இளித்தது. எறும்பு நிஜ எறும்பு. சர்க்கரை டப்பாவைச் சரியாக மூடவில்லை யாரோ, யாரோ என்ன யாரோ, மதினிதான். அதை நசுக்கி ஊதிவிட்டபோது இறங்கிய நிம்மதியில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வெளியே வேப்பமரத்தில் அணில் கத்திக்கொண்டிருந்தது, புரட்டாசி வெயில் சன்னல் கம்பி கம்பியாக மேடையில் விழுந்திருந்தது, சாம்பார்ப்பொடி வாசம் நன்றாகத்தான் இருந்தது. இந்த அடுப்படியில் மறுபடி நிற்கிறோம் என்பதே ஒரு சுகம். அதைப் போய் யாரிடம் சொல்வது, சொன்னால் பெண்ணியம் பேசுகிற மகள் சண்டைக்கு வருவாள். வந்தால் வரட்டும். அவளுடைய அடுப்பு இது. அவள் திட்டிக்கொண்டே நிற்பதற்கென்று உள்ள இடம்.

ஆனால் மதினியைப் போகச் சொல்வதற்கு மனசு எங்கே வருகிறது? வந்த அன்றே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளைக் குளிப்பாட்டியவள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே சரியில்லாமல் இருந்த காலம் அது. சாருமதி கல்யாணத்தில் பந்தியில் வைத்து வனஜா ஏதோ சொல்லப்போக, மதினி பாதி இலையில் எழுந்து போனவள். அந்த மதினி அவள் வாயைத் துடைத்தாள், உள்பாவாடை நாடாவைக் கட்டிவிட்டாள், கெட்ட வாடைக்கெல்லாம் மூக்கைச் சுளிக்கவில்லை. தலையில் பேன் பார்த்துவிட்டு "எங்க வீட்டுக்கு வந்தபோது எம்புட்டு முடி இருந்துச்சு ஒனக்கு" என்று சடையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், பின்னவில்லை. அன்றைக்குப் பதில் சொல்ல வரவில்லை என்பதில் வனஜாவுக்கு வருத்தமில்லை. கோயில்பட்டியில் பூட்டிக் கிடக்கிற வீடு, சாயங்காலம் விளக்குப் போட்டால் அதைப் பார்க்க ஒரு ஆள் கிடையாது, அதுவும் தெரிகிறது. அதனால் ஒரு நல்ல வாக்கியம் தயார் பண்ணியிருந்தாள், ரோஸ்லினை வைத்து ஒரு வாரம் ஒத்திகை: இத்தனை நாள் என்னைப் பார்த்துக்கிட்டீங்க மதினி, ரொம்ப நன்றி, இனிமே நான் சமாளிச்சுக்குவேன். கான்வென்ட்காரி சொல்கிற மாதிரி கச்சிதமான வாக்கியம். ஆனால் அதில் நன்றி வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் 'பன்றி' வந்து விழுந்தது. ரோஸ்லினே சிரித்துவிட்டாள். ரொம்பப் பன்றி, மதினி. அதைச் சொன்னால் மதினி மத்தியானப் பஸ் என்ன, கிடைத்த லாரியில் ஏறிப் போவாள்.

சரி, முதலில் இந்த டப்பா. புளித்தண்ணீர் சுண்டிக்கொண்டு வந்தது. அடுப்பைக் குறைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். கூடத்தில் மதினி பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டி கட்டியிருந்தது. ஆனால் பூட்டவில்லை. "என்னட்டி?" என்றாள். சங்கரலிங்கம் பேப்பரைத் தாழ்த்தினார். "மதினி... அது..." கை தானாக உயர்ந்தது. "கையைக் கீழ போடு." போட்டாள். "மேல இருக்கே. மஞ்சள். அந்தப் பெரிய..." பெரியநாயகி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றாள். வனஜா அவளைத் தள்ளினாள். "பெரிய... கல்லு. வாசனை. சாம்பார்ல..." "பேரு?" பேர். அவர் உதடு அசைந்தது, திருட்டுத்தனமாகச் சொல்லிக்கொடுக்கிறாராம். "ஏல, நீ வாயை மூடு" என்று மதினி அதட்டினாள். அவர் உதடு மடிந்தது. அவள் சொல்லைத் தேடித் தேடி, தேடுகிற வேகத்தில் இருந்த ஒன்றிரண்டு சொல்லும் கலைந்து, கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவள் மாதிரி நின்றாள். மதினி பெருமூச்சு விட்டாள். அதில் கோபமில்லை, அதுதான் பொறுக்கவில்லை. "போட்டும். பாவம் அவ. தலையைப் போட்டு உடைச்சுக்க வேண்டாம். ஏல லிங்கம், பெட்டியை உள்ள வையி. தை போகட்டும்." "சரிக்கா" என்றார் அவர், எழுந்திருக்காமல், வனஜாவின் முகத்தைப் பார்க்காமல்.

வனஜா திரும்பி அடுப்புக்கு வந்தாள். அவ்வளவுதான். ஒரு வகையில் நல்லதுதான் என்று உள்ளே இருந்த அந்த நல்ல பெண் சொன்னாள், சோபாவில் உட்காரலாம், கால் வலிக்காது. இத்தனை பண்ணுகிறவளை எதற்கு அனுப்ப வேண்டும், தை என்ன, மாசி என்ன. பின்னாலேயே மதினியின் வளையல் சத்தம் வந்தது. "நகரு, இனி நான் பாத்துக்கிடுதேன், நீ போயி உக்காரு." நகர்ந்தாள். கால் தானாகவே நகர்ந்தது, கீறல் ஓட்டைச் சுற்றிக்கொண்டு. மதினி சாம்பாரை எட்டிப் பார்த்தாள், ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினாள், தலையைச் சாய்த்தாள். பிறகு இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறு கையால் இரண்டாம் தட்டிலிருந்து வெல்லக் கட்டியை எடுத்தாள், கொய்யாக்காய் அளவு, அடுப்புக்கு நேரே கொண்டு வந்தாள். முருங்கைக்காய்கள் கொதியில் புரண்டன. அவள் நறுக்கிய காய்கள். ஒரு காய் நறுக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று அந்தக் காய்க்கே தெரியும். "வெல்லத்தைக் கீழ வைங்க மதினி" என்று யாரோ சொன்னார்கள். குரல் உரக்க, நல்ல கூர்மையாக இருந்தது. "அது உள்ள விழுந்துச்சோ, பின்னாலேயே உங்க வளையலும் விழும், சொல்லிட்டேன். இது சாம்பாரா, உங்க மைசூர்ப் பாயசமா? ஒரு வருஷமா இந்த வீட்ல புளிக்கும் இனிப்புக்கும் வித்தியாசம் தெரியாம நாக்கு செத்துப்போய்க் கிடக்கு. பனைமரம் கணக்கா வளந்திருக்கீங்கள்ல, அந்தக் கையை இன்னும் கொஞ்சம் மேல நீட்டி அந்தப் பெருங்காய டப்பாவை எடுங்க. ஒங்க ஒயரத்துக்கு வச்சா நான் என்ன ஏணி போட்டா ஏறுறது?"

பெருங்காயம். வந்துவிட்டது, யாரும் அழைக்காமல், கூட்டத்தோடு கூட்டமாகப் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்த மாதிரி. பெருங்காயம், பெருங்காயம், என்று மனசுக்குள் தட்டிப் பார்த்தாள், உடைந்துவிடவில்லை. பெரும் காயம். பட்டிமன்றக்காரர்கள் யாராவது கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசிக் கைதட்டல் வாங்கியிருப்பார்கள், அவளுக்குச் சாம்பாருக்குப் போட ஒரு சில் கிடைத்தால் போதும். அப்புறம்தான் தான் சொன்னது என்ன என்பது உறைத்தது. பனைமரம். குளிப்பாட்டிய கையைப் பனைமரம் என்று சொல்லியாகிவிட்டது. மதினி வெல்லத்தைப் பிடித்த கையோடு நின்றாள். முகம் கோணியது. அழப்போகிறாள், பாதி இலையில் எழுந்த மாதிரி எழுந்து போகப்போகிறாள், இந்த முறை திரும்பியே வரமாட்டாள். "மதினி, நான்..." "ஏல லிங்கம்!" என்று மதினி போட்ட சத்தத்தில் வேப்பமரத்து அணில் வாயை மூடியது. "ஏல, இங்க வால! ஒன் பொண்டாட்டி வந்துட்டால! அந்தச் சண்டாளி வந்துட்டால! பனைமரம்ங்கா என்னைய!" அவர் செருப்பில்லாமல் ஓடி வந்தார், பேப்பர் கையிலேயே இருந்தது. மதினி சிரித்தாளா அழுதாளா என்று பிரிக்க முடியவில்லை, முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே டப்பாவை எடுத்து மேடையில் டக்கென்று வைத்தாள். "கேட்டியால? சாரு கல்யாணத்துல பேசினாளே, அதே வாய். நான் வேணும்னேதான்ட்டி வெல்லம் போட்டேன். ஒனக்கு ரோஷம் வரணும்னு ஒரு வருஷமா போட்டேன்." "பொய்" என்றாள் வனஜா. கிணறு வேண்டியிருக்கவில்லை, வாளி வேண்டியிருக்கவில்லை. "நீங்க பொறந்ததிலேர்ந்து வாய்க்கு ருசியாச் சமைச்சதில்ல. அதுக்கு எதுக்கு என்னைச் சாட்சிக்கு இழுக்கிறீங்க?" "பாத்தியா, பாத்தியா" என்று மதினி தம்பியின் தோளில் அடித்தாள், பரிசு வாங்கிய பிள்ளையைக் காட்டுகிற மாதிரி.

பெருங்காயம் போட்ட சாம்பாரை மதினி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள், "ஒறைப்புதான் கூட" என்று ஒரு குற்றம் சொல்லிவிட்டு. ஆட்டோ வந்தபோது பெட்டியைப் பூட்டினாள். வாசலில் நின்று வனஜாவின் கன்னத்தை, முன்பு வழிந்து இறங்கிய பக்கத்துக் கன்னத்தை, உள்ளங்கையால் ஒருமுறை தேய்த்தாள். இதுதான் சமயம் என்று வனஜா அந்தக் கச்சிதமான வாக்கியத்தை எடுத்தாள். "ரொம்ப..." என்று ஆரம்பித்தாள். அடுத்து எது வரும் என்று நாக்கின் நுனியில் தெரிந்தது, கொழுகொழுவென்று, சேற்றோடு. விட்டுவிட்டாள். "தீபாவளிக்கு வந்துருங்க. வெல்லத்தை ஊர்லயே வச்சுட்டு வாங்க" என்றாள். "வராம? ஒன்னைய யாரு ஏசுவா?" என்றாள் மதினி, தலையைக் குனிந்து ஆட்டோவுக்குள் மடங்கி ஏறினாள், பனைமரம் மடங்குகிற மாதிரியேதான் இருந்தது. அதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொண்டாள். தெருமுனை திரும்பும்வரை வெளியே நீட்டிய கை ஆடிக்கொண்டே போனது. வீடு திடீரென்று பெரிசாகிவிட்டது. அவர் அவளைப் பார்க்காமல், "நான் குளிச்சுட்டு வாரேன், ஒரே புழுக்கம்" என்று போய்விட்டார்.

பாத்திரங்களை ஒதுக்கிப் போட்டாள். இரண்டாம் தட்டு வெல்லத்தை எடுத்து மேல்தட்டில், எட்டாத இடத்தில், நாற்காலி போட்டு ஏறி வைத்தாள். கீறல் ஓட்டின் மேல்தான் நாற்காலியைப் போட்டிருக்கிறோம் என்பது இறங்கின பிறகுதான் தெரிந்தது. பெருங்காயம் கைக்கெட்டும் இடத்துக்கு வந்தது. குக்கரைக் கழுவிக் கவிழ்த்தாள். குக்கர். அட, அதுவும் வந்துவிட்டதே, எப்போது வந்து உட்கார்ந்தது? குக்கர், குக்கர். நாக்கில் போட்டு உருட்டிப் பார்த்தாள், சரியான சொல்தான், ஆனால் கடையில் தொங்குகிற பாத்திரம் மாதிரி யார் வீட்டுக்கும் போகும் போலிருந்தது. கவிழ்ந்து பளபளத்த அதன் முதுகில் ஒரு தட்டு தட்டி, "போதும் மதர், ஓய்வெடுங்க" என்றாள். இது தவறி வந்ததில்லை, அவளாகச் சொன்னது. ரோஸ்லினிடம் சொல்ல வேண்டும், விழாவில் பேசுகிறேன் என்று. என்னத்தைக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால் பெருங்காய டப்பாவை என்று சொல்லலாம். ஐந்து நிமிஷம் போதாது என்றும் சொல்ல வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் சாயலாமென்று படுக்கையறைக்குப் போனவள் வாசலில் நின்றாள். கட்டிலின் நடுவில், அவள் படுக்கிற பக்கமாகவே, ஈரத் துண்டு கிடந்தது. சுருட்டி, பிழியாமல், சொட்டச் சொட்ட, போர்வையில் ஒரு பெரிய வட்டம் பரவிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே கொடி காலியாக ஆடியது. அந்தப் பக்கம், முகத்தைக் கண்ணாடிக்குத் திருப்பிக்கொண்டு, அவர் சட்டைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தார், ரொம்ப நேரமாக ஒரே பொத்தானை. மறந்து போட்டாரா, துணிந்து போட்டாரா என்று அவரைக் கேட்டால் சொல்லமாட்டார், அவளும் கேட்கப்போவதில்லை. வனஜா மூச்சை உள்ளே இழுத்தாள். படி இருட்டில்தான் இருந்தது. காலை வைத்தாள். "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை" என்றாள், ஒரு கணம் நின்றாள், "சொல்றது?" என்றாள்.

கண்ணாடியில் அவர் முகம் மெல்ல நிமிர்ந்தது.

"அப்புறம்?" என்றார்.

அப்புறமா? ஒரு வருஷத்துக்கு உண்டானது அப்படியே இருந்தது. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.